ஆறிய உணவும் அறிவியலும்

நுழையும்முன்

உணவைச் சமைப்பது ஒரு கலை. சமைத்த உணவைக் காப்பது அதனினும் பழைய கலை. வெயில், உப்பு, புளி, புகை ஆகியவற்றைக் கொண்டு உணவைக் காத்த தமிழர் இல்லங்களில் இன்று குளிர்பதனப் பெட்டியும் நுண்ணலை அடுப்பும் இடம்பெற்றுவிட்டன. பொத்தானை அழுத்தினால் இரண்டு நிமிடங்களில் ஆவி பறக்கும் உணவு கிடைக்கிறது. ஆவி பறப்பதனாலேயே அவ்வுணவு உண்ணத் தகுந்ததாகிவிடுமா? சூட்டால் அழிவது எது, அழியாமல் எஞ்சுவது எது என்பதை விளக்குகிறது இப்பாடம்.

நெய்தல் நிலத்தின் உணவுக் காப்பு

முத்துக்குளித்தலால் உலகப் புகழ் பெற்ற தூத்துக்குடிக் கடற்கரை, மீன்வளத்தாலும் உப்பளங்களாலும் வாழும் நிலம். தமிழ்நாட்டின் உப்பில் பெரும்பகுதி இம்மாவட்டத்தில்தான் விளைகிறது. உப்பும் மீனும் ஓரிடத்தில் கிடைத்தமையால் மீனை உலர்த்திக் காக்கும் தொழில் இங்கு இயல்பாக வளர்ந்தது. மீனை அறுத்து மணலில் உலர்த்துவதையும், அதனைக் கவர வரும் பறவைகளை மகளிர் ஓட்டுவதையும் நற்றிணையின் நெய்தல் திணைப் பாடல் காட்டுகிறது. அக்காட்சியை இன்றும் கடலோர ஊர்களில் காணலாம்.

உப்பு, மீனின் தசையிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. வெயில் எஞ்சிய ஈரத்தை உறிஞ்சுகிறது. நீரில்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் பெருக இயலாது. மினிக்காய்த் தீவிலும் மாலத்தீவிலும் சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திச் செய்யப்படும் மாசியும் இதே கோட்பாட்டின்படி உருவானதே. கருவாட்டையும் மாசியையும் நெடுநாள் காத்த அறிவுக்கு அக்காலத்தில் நுண்ணுயிரியல் என்னும் பெயர் இல்லை. ஆயினும் அதன் பயன் இருந்தது.

பச்சை மீனின் நிலை வேறு. துறைமுகத்தில் இறங்கும் மீன், தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையிலுள்ள புதுக்கோட்டை போன்ற உள்நாட்டு ஊர்களுக்குப் பயணம் செய்கிறது. அங்கே குழம்பாகிறது, ஒரு பகுதி இரவுக்கும் மறுநாளுக்கும் எடுத்து வைக்கப்படுகிறது. வலையில் சிக்கிய நொடி முதல் மறுநாள் மீண்டும் சூடாக்கப்படும் நொடி வரை அந்த மீன் எவ்வளவு நேரம் வெம்மையில் இருந்தது என்பதே அதன் பாதுகாப்பை முடிவுசெய்கிறது. கடைசியில் செய்யப்படும் சூடாக்கலால் இடையில் நேர்ந்த தவறுகள் அனைத்தையும் திருத்திவிட முடியாது.

போர்க்கருவி சமையலறைக்கு வந்த கதை

நுண்ணலைகள் என்பவை மின்காந்த அலைகளில் ஒருவகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கொல்கத்தாவில் ஜெகதீச சந்திர போஸ் மில்லிமீட்டர் அளவிலான அலைகளை உருவாக்கி, அவற்றைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது எதிரி விமானங்களைக் கண்டறியும் ராடார் கருவிக்கு வலிமைமிக்க நுண்ணலைகள் தேவைப்பட்டன. அவற்றை உருவாக்கும் மேக்னட்ரான் என்னும் குழலை 1940ஆம் ஆண்டில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டால், பூட் ஆகிய இருவரும் மேம்படுத்தினர்.

அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் மேக்னட்ரான் உருவாக்கத்தில் ஈடுபட்டிருந்தவர் பெர்சி ஸ்பென்சர். இளமையிலேயே பள்ளிப்படிப்பை விட்டு உழைக்கச் சென்று, தாமே கற்றுத் தேர்ந்த பொறியாளர் அவர். இயங்கும் மேக்னட்ரானுக்கு அருகில் நின்றபோது தம் சட்டைப்பையிலிருந்த இனிப்பு உருகியதை அவர் கவனித்தார். அதனை ஒரு விபத்தாகக் கருதி விட்டுவிடாமல், சோளத்தைக் குழல் அருகே வைத்துப் பொரித்துப் பார்த்தார். 1945ஆம் ஆண்டு அக்டோபரில் அவருடைய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரப்பட்டது. 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஏறத்தாழ ஆறடி உயரமும் 340 கிலோ எடையும் கொண்டிருந்தது. வீட்டு மேடையில் வைக்கத்தக்க சிறிய அடுப்பு 1967இல் வெளிவந்தது.

அடுப்பு இயங்கும் முறை

விறகடுப்பிலும் எரிவாயு அடுப்பிலும் வெப்பம் பாத்திரத்தைச் சுட்டு, பின் உணவின் அடிப்பகுதியைச் சுட்டு, மெல்ல மேலேறுகிறது. நுண்ணலை அடுப்பில் நெருப்பு இல்லை. இதில் பயன்படும் அலையின் அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 245 கோடி அதிர்வுகள். நீர் மூலக்கூறின் ஒரு முனை நேர்மின் தன்மையும் மறுமுனை எதிர்மின் தன்மையும் கொண்டது. அலையின் மின்புலம் திசைமாறும்போதெல்லாம் நீர் மூலக்கூறுகளும் அதற்கேற்பத் திரும்ப முயல்கின்றன. அண்டை மூலக்கூறுகளோடு மோதுகின்றன. அந்த மோதலே வெப்பமாகிறது. கண்ணாடியும் பீங்கானும் நுண்ணலைகளைத் தம்முள் ஊடுருவ விடுகின்றன. உலோகமோ அவற்றை எதிரொளிக்கிறது. ஆகவேதான் எவர்சில்வர் கிண்ணம், அலுமினியத் தாள், பொன்விளிம்பிட்ட பீங்கான் தட்டு ஆகியவற்றை இவ்வடுப்பினுள் வைக்கலாகாது என்கின்றனர். அவை தீப்பொறியையும் உண்டாக்கக்கூடும்.

நுண்ணலை உணவைக் கதிரியக்கப் பொருளாக மாற்றிவிடும் என்னும் அச்சம் மக்களிடையே உண்டு. அது பிழையானது. நுண்ணலைக்கு அணுவைச் சிதைக்கும் ஆற்றல் இல்லை. அடுப்பை நிறுத்தியவுடன் விளக்கை அணைத்தால் ஒளி மறைவதுபோல அலையும் மறைந்துவிடும். கதவிலுள்ள உலோக வலையின் துளைகள் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள இவ்வலையை வெளியே விடாத அளவுக்குச் சிறியவை. எனினும் கதவு கோணியிருந்தாலோ சரியாக மூடாவிட்டாலோ அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத குளிர்ந்த மூலைகள்

நுண்ணலை அடுப்பு உணவை உள்ளிருந்து வெளியே வேகவைக்கிறது என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் நுண்ணலைகள் உணவின் மேற்பரப்பிலிருந்து சில சென்டிமீட்டர் ஆழம் வரையே ஊடுருவுகின்றன. அதற்கு அப்பாலுள்ள நடுப்பகுதிக்கு, சூடான புறப்பகுதியிலிருந்து வெப்பம் மெல்லக் கடந்து செல்லவேண்டும். மேலும் அடுப்பின் உலோகச் சுவர்களில் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது சில இடங்களில் வலுக்கின்றன. சில இடங்களில் தேய்கின்றன. ஒரே கிண்ணத்தில் ஓரம் கொதித்துக்கொண்டிருக்க, நடு இளஞ்சூட்டோடு நிற்பதன் காரணம் இதுவே. தட்டு சுழல்வது இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு குறைக்கும், முற்றிலும் நீக்காது.

உறைந்த உணவில் இவ்வேறுபாடு மிகுதி. பனிக்கட்டியிலுள்ள நீர் மூலக்கூறுகள் கட்டுண்டு கிடப்பதால் நுண்ணலையை மிகக் குறைவாகவே ஏற்கின்றன. உருகிய ஓரம் விரைந்து சூடேற, உறைந்த நடு அப்படியே இருக்கும். அந்த இளஞ்சூட்டு எல்லையே நுண்ணுயிரிகளுக்கு உகந்த இடமாகும்.

சூடு கொல்வதும் கொல்லாததும்

உணவில் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் பெருகுகின்றன. இதனை இடர் எல்லை எனலாம். உகந்த சூழலில் சிலவகைப் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. அவ்வாறாயின் ஆயிரம் பாக்டீரியாக்கள் நான்கு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை இரட்டித்து 40 இலட்சத்தைத் தாண்டும். தூத்துக்குடியின் கோடை நண்பகலில் சமையலறை மேடையே அத்தகைய உகந்த சூழலாகிவிடுகிறது.

உணவின் எல்லாப் பகுதியும் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டை அடைந்தால் பெரும்பாலான நோய்க்கிருமிகள் அழியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. ஆயினும் சூட்டுக்குப் பணியாத இரண்டு உண்டு. ஒன்று வித்து; மற்றொன்று நச்சு.

மண்ணிலும் தானியத்திலும் இயல்பாகக் காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா, துன்பக் காலத்தில் தடித்த உறையுள்ள வித்தாக மாறி உறங்கும். சோறு கொதிக்கும்போதும் அவ்வித்து சாவதில்லை. சோறு ஆறி, நெடுநேரம் வெளியில் கிடந்தால் வித்து விழித்துப் பெருகிச் சோற்றில் நச்சைக் கக்குகிறது. வாந்தியை உண்டாக்கும் அந்நச்சு, 121 டிகிரி வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் சிதையாத தன்மையுடையது. 1970களின் தொடக்கத்தில் இலண்டனில், வேகவைத்து வெளியில் வைத்திருந்த சோற்றைப் பின்னர் வறுத்துப் பரிமாறிய உணவகங்களில் உண்டோர் நோயுற்றதன் காரணமும் இதுவே.

2008ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் நிகழ்ந்தது மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. இருபது வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள்களுக்கு முன் சமைத்துச் சமையலறையில் வெளியிலேயே வைக்கப்பட்டிருந்த ஸ்பகெட்டி உணவைக் கல்லூரியிலிருந்து திரும்பியதும் நுண்ணலை அடுப்பில் சூடாக்கி உண்டார். சிறிது நேரத்தில் தலைவலியும் வயிற்றுவலியும் குமட்டலும் தோன்றின, தொடர்ந்து வாந்தியெடுத்தார். மறுநாள் காலையில் அவர் உயிரோடு இல்லை. எஞ்சிய உணவில் பேசில்லஸ் சீரியஸ் மிகுதியாகக் காணப்பட்டது. இத்தகைய இறப்பு மிக அரிது. ஆயினும் அந்த மாணவர் செய்தது அரிதான செயல் அன்று. பசியோடு வீடு திரும்பும் எவரும் செய்யக்கூடியதே. அடுப்பு தன் கடமையைச் செய்தது, உணவு சூடாயிற்று. பிழை ஐந்து நாள்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

கடற்கரை மக்கள் சிறப்பாக அறியவேண்டிய நச்சு இன்னொன்று. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீனை உடனே குளிர்விக்காவிட்டால் பாக்டீரியாக்கள் அதனை ஹிஸ்டமின் ஆக மாற்றிவிடும். அம்மீனை உண்டவருக்குச் சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவக்கும்; தலைவலியும் தோல் தடிப்பும் படபடப்பும் தோன்றும். மீன் ஒவ்வாமை என்று பலர் இதனைத் தவறாகக் கருதுவர். ஹிஸ்டமின் உருவான பிறகு பொரித்தாலும், குழம்பு வைத்தாலும், உறைய வைத்தாலும், நுண்ணலையில் சூடாக்கினாலும் அது நீங்குவதில்லை. மணமும் நிறமும் மாறாத மீனிலும் அது இருக்கக்கூடும். படகில் இடும் பனிக்கட்டி மீனின் விலையை மட்டுமன்றி உண்பவரின் உடல்நலத்தையும் காக்கிறது.

முன்னோர் சமையலறையில் அறிவியல்

எஞ்சிய குழம்பை இரவில் ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் கொதிக்கவைப்பது தமிழர் இல்லங்களின் வழக்கம். சுண்டிய குழம்பின் சுவையைப் போற்றாதார் இலர். இவ்வழக்கத்தில் ஒரு நுட்பம் உள்ளது. முதற்கொதியில் வளரும் பாக்டீரியாக்கள் சாகின்றன, வித்துகள் எஞ்சுகின்றன. இடைப்பட்ட நேரத்தில் வித்துகள் விழித்து, உறையைத் துறந்து, மென்மையான உயிராகின்றன. அவை பெருகுமுன் மறுகொதி வந்து அவற்றைக் கொல்கிறது. 1877ஆம் ஆண்டில் ஜான் டிண்டல் என்னும் அறிவியலறிஞர் விவரித்த படிமுறை வெப்பத் தூய்மையாக்கமும் இக்கோட்பாட்டின் வழியதே. குழம்பிலுள்ள புளியும் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தளர்த்துகிறது.

இரவில் எஞ்சிய சோற்றில் நீரூற்றிப் பழைய சோறாக்குவதும் ஒரு காப்பு முறையே. நீரில் வளரும் இலாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் சோற்றைப் புளிக்கச் செய்கின்றன. அமிலத்தன்மை ஏறிய அந்நீரில் நோய்க்கிருமிகள் பெருகுவது கடினமாகிறது. பழைய சோற்றை எவரும் சூடாக்கி உண்பதில்லை என்பது நோக்கத்தக்கது.

இவ்வழக்கங்கள் பாதுகாப்புக்கு முழு உறுதி தருவன அல்ல. உணவின் வகையும் நேரமும் தூய்மையும் மாறினால் பயனும் மாறும். ஆயினும் ஒன்று தெளிவு. முழுச் சட்டியும் தளதளவெனக் கொதிப்பதற்கும், ஒரு கிண்ணக் குழம்பு நுண்ணலை அடுப்பில் ஒரு நிமிடம் ஓரம் மட்டும் சூடாவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. பழைய வழக்கத்தின் நம்பிக்கையைப் புதிய கருவியின்மீது அப்படியே ஏற்றிவைப்பதில்தான் இடர் பிறக்கிறது.

மின்சாரம் நின்றபோது

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின, மின்சாரம் தடைப்பட்டது. இத்தகைய நேரங்களில் குளிர்பதனப் பெட்டி வெறும் மரப்பேழைக்கு ஒப்பாகிறது. கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் அதன் குளிர்ச்சி ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். அதற்குமேல் மீன், இறைச்சி, பால், சமைத்த சோறு ஆகியவை இடர் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. மின்சாரம் திரும்பியதும் பெட்டி மீண்டும் குளிரும், உணவும் குளிரும். ஆனால் இடையில் உருவான நச்சு குளிரிலும் அழியாது, பின்னர் ஏற்றும் சூட்டிலும் அழியாது. உணவை வீணாக்க மனம் வராத நேரம் அது. எனினும், ஐயத்திற்குரிய உணவைக் கொட்டுவது வீணடித்தல் ஆகாது.

பாதுகாப்பான மறுசூடாக்கல்

பாதுகாப்பு ஆறவைத்தலில் தொடங்குகிறது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவேண்டும். பெரிய பாத்திரத்தில் உள்ள குழம்பின் நடு மெல்லவே ஆறும். ஆதலால் அதனை ஆழமற்ற சிறு பாத்திரங்களில் பகிர்ந்து ஆறவைத்தல் நன்று. குளிர்ச்சி பாக்டீரியாவைக் கொல்வதில்லை; அதன் வேகத்தை மட்டுமே குறைக்கிறது. எனவே வைத்த உணவை ஓரிரு நாள்களில் உண்டு முடித்தல் வேண்டும்.

உண்ணும் அளவை மட்டும் எடுத்து, நுண்ணலைக்கு ஏற்றது எனக் குறிக்கப்பட்ட கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தில் பரப்பிச் சூடாக்கவேண்டும். குவித்து வைத்தால் நடுப்பகுதி குளிர்ந்தே நிற்கும். பொட்டலமாக வந்த நெகிழிப் பையையோ மெல்லிய நெகிழிக் கிண்ணத்தையோ அப்படியே வைக்கக் கூடாது. கிண்ணத்தை மூடியால் மூடி, ஆவி வெளியேறச் சிறு இடைவெளி விடவேண்டும். உள்ளே சூழும் ஆவி குளிர்ந்த மூலைகளையும் எட்டுகிறது. பாதி நேரத்தில் நிறுத்தி நன்கு கிளறி, மீண்டும் சூடாக்கவேண்டும். நேரம் முடிந்தபின் இரண்டு மூன்று நிமிடங்கள் அப்படியே விடுவது இன்றியமையாதது. அப்போதுதான் ஓரத்து வெப்பம் நடுவை அடைகிறது. உணவு வெப்பமானி இருந்தால் நடுப்பகுதியில் வைத்துப் பார்க்கலாம். இல்லையெனில், கிளறிய பின்னும் நடுவிலிருந்து ஆவி எழுகிறதா என நோக்கவேண்டும். ஒருமுறை சூடாக்கி எஞ்சியதை மறுமுறை சூடாக்காமல் இருப்பதே நன்று.

சில பொருள்கள் தனிக் கவனம் வேண்டுவன. அவித்த முட்டையை ஓட்டோடு சூடாக்கினால் உள்ளே ஆவி அடைபட்டு வெடிக்கும். வழவழப்பான கோப்பையிலுள்ள வெறும் நீர், குமிழி தோன்றாமலேயே கொதிநிலையைக் கடந்து நிற்கக்கூடும். கரண்டியை இட்டவுடன் பொங்கித் தெறித்துக் கையையும் முகத்தையும் சுடும். குழந்தைக்கான பாலை இவ்வடுப்பில் சூடாக்குவதைத் தவிர்க்கவேண்டும். புட்டி தொடுவதற்குக் குளிர்ச்சியாக இருக்கும்போதே உள்ளே ஒரு பகுதி பால் வாயைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கலாம்.

உணவின் வரலாறு

நுண்ணலை அடுப்பு பயனுள்ள கருவி. எரிபொருளையும் நேரத்தையும் மிச்சப்படுத்துவது; நெருப்பின்றி இயங்குவது. பெற்றோர் வேலைக்குச் சென்ற வீட்டில் மாலையில் தனித்துத் திரும்பும் மாணவருக்கு அது துணையாகிறது. ஆனால் அக்கருவிக்கு ஒன்று தெரியாது. தன்னுள் வைக்கப்பட்ட உணவு எப்போது சமைக்கப்பட்டது, எங்கே வைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் வெம்மையில் கிடந்தது என்பதை அது அறியாது. அந்த வரலாற்றை அறிந்திருக்கவேண்டியவர் பொத்தானை அழுத்துபவரே. உப்பின் அளவையும் வெயிலின் நேரத்தையும் கணக்கிட்டு மீனை உலர்த்திய நெய்தல் நில மக்களிடம் அந்தக் கணக்கு இருந்தது. கருவிகள் மாறிய பின்னும் அக்கணக்கு மாறவில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் எஞ்சிய உணவைக் காக்கும் முறைகளைப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒவ்வொன்றின் அறிவியல் காரணத்தையும் எழுதி வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. மின்தடை நேரத்தில் குளிர்பதனப் பெட்டியிலுள்ள உணவை எவ்வாறு கையாளவேண்டும் என்பது குறித்து விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒன்று உருவாக்குக.

மதிப்பீடு

குறுவினா

1. இடர் எல்லை என்பது யாது?

2. நுண்ணலை அடுப்பில் எவர்சில்வர் பாத்திரத்தை வைக்கக் கூடாது, ஏன்?

சிறுவினா

1. மீனில் ஹிஸ்டமின் உருவாகும் முறையையும் அதனைத் தடுக்கும் வழியையும் எழுதுக.

2. குழம்பை இருவேளை கொதிக்கவைக்கும் வழக்கத்திலுள்ள அறிவியல் நுட்பத்தை விளக்குக.

நெடுவினா

‘சூடான உணவெல்லாம் பாதுகாப்பான உணவு அன்று’ – பாடப்பகுதியின் சான்றுகளைக் கொண்டு நிறுவுக.